அமுக்கப்படாத பூட்டின் படம்

"அம்மா, நம்ம கடைப் பூட்டை எதுக்கு போட்டோ எடுத்து வெச்சிருக்க?"

கடைக் கணினியில் விளையாட்டு தேடிக்கொண்டிருந்த மகள் கேட்டாள். ஜெராக்ஸ் கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

திரையில் அவள் கடை ஷட்டர். பூட்டு அமுக்கப்படாமல் வாய் பிளந்து தொங்கியது.

கோப்புக்குப் பெயராக வெறும் எண்கள். தேதியைப் பார்த்தாள். மகளுக்குக் காய்ச்சலில் கண் செருகி, போட்டது போட்டபடி மருத்துவமனைக்கு ஓடிய மாலை அது. லேமினேஷனுக்கு வந்த ஊராரின் சான்றிதழ்கள் அன்று உள்ளே கிடந்தன. ஒன்று போயிருந்தாலும் கடையை இழுத்து மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

படம் எப்படி வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அச்செடுக்க வருகிறவர்களின் போனை வயரில் மாட்டினால், தேடிக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டு எல்லாப் படங்களையும் மொத்தமாக இழுத்துப் போட்டுவிடுவாள். யாருடைய போன்? பெரிதாக்கினாள். ஓரத்தில் மஞ்சள் இஞ்சு டேப்பின் நுனி.

எதிர்க்கடைத் தையல்காரர்! அவருடைய போனைக் கொண்டுவந்து அவர் மனைவி அடையாள அட்டையை அச்செடுத்துப் போனது நினைவுக்கு வந்தது. இவளுடைய புதுப் பலகை அவர் பலகையை மறைத்ததிலிருந்து இரண்டு கடைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அந்தாளா? நோட்டம் விட்டிருக்கான்," என்றான் கணவன் போனில். "ஓனர்கிட்ட சொல்லி இடத்தைக் காலி பண்ண வெச்சிடறேன்."

"கொஞ்சம் இருங்க. கேட்டுட்டு வரேன்."

தையல்காரர் மெஷினை நிறுத்தவில்லை. "ஆமா, நான்தான் எடுத்தேன். அது உங்க கம்ப்யூட்டருக்கு எப்படிம்மா வந்துச்சு?"

அவளுக்கு முகம் சுருங்கியது. "அதை அப்புறம் சொல்றேண்ணே. எதுக்கு எடுத்தீங்க?"

அவர் போனை எடுத்து, அவள் அவசரத்தில் தள்ளிப் பார்க்காத அடுத்த படத்தைக் காட்டினார். அதே பூட்டு, அழுத்திப் பூட்டியிருந்தது.

"திறந்து கெடந்துச்சு, அமுக்கிவிட்டேன். நாளைக்கு ஒண்ணு காணோம்னா முதல்ல எம்பேரைத்தானே சொல்வீங்க? அதான் சாட்சிக்கு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதான் மூஞ்சியத் திருப்பிக்கறீங்களே. முதுகுகிட்டயா சொல்றது?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போனை மேய்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்து, ஊரார் படங்கள் அத்தனையையும் கணினியிலிருந்து அழித்தாள். கணவனிடம், "ஓனரெல்லாம் வேண்டாங்க, அவர் நல்ல மனுஷன்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். தையல்காரர் பட்டன் வாங்கப் போயிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டியது. வாசலோர மேஜையில் யாரோ ஒரு மணப்பெண்ணின் பட்டுத்துணி, வெட்டிப் போட்டபடி கிடந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. அவள் குறுக்கே ஓடி, துணியை வாரி உள் அலமாரியில் வைத்து, மெஷினைத் தார்ப்பாயால் மூடிவிட்டுத் திரும்பினாள்.

சொட்டச் சொட்ட ஓடிவந்த தையல்காரர் வாசலில் திகைத்து நின்று, தெருவின் இரு பக்கமும் பார்த்தார். எதிர்க்கடையில் ஒருத்தி, ஈரத்தலையோடு, லேமினேஷன் மெஷின் மேல் குனிந்திருந்தாள். நிமிரவே இல்லை.