வளைவுக்குப் பக்கத்தில் கொழுந்தன்

அணு உலையைக் குளிர்விக்கும் குழாய்களில் தண்ணீரும் நீராவியும் கலந்து ஓடினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. அந்தச் சோதனைக்கூடத்தில் அணுவும் இல்லை, உலையும் இல்லை. மின்சாரத்தில் கொதிக்கும் தண்ணீர், அதைச் சுற்றவிடும் எஃகுக் குழாய், உள்ளே நடப்பதைப் பார்க்க நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு. குழாயைப் பொருத்தியவன் அவள் கொழுந்தன். வீட்டில் அவனுக்கு வாயாடி என்று பேர்.

அன்று மதியம் ஓட்டம் சாதுவாக இருந்தது. கண்ணாடியில் கீழே தண்ணீரும் மேலே ஆவியும் வம்புதும்பு இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. குழாயின் வளைவில் இருந்த சென்சார் மட்டும் செத்துக் கிடந்தது.

"வயர் கழண்டிருக்கும் அண்ணி. மாட்டிட்டு ஓடி வந்துடறேன்."

"ஹீட்டர் ஓடும்போது உள்ள போகக்கூடாதுன்னு தெரியுமில்ல?"

"அணைச்சா மறுபடி நாளைக்குத்தான் சூடாகும். நான் என்ன குழாய்க்குள்ளயா போறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையாட்டிவிட்டாள். குழாயைச் சுற்றி அடைத்திருந்த வேலியின் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே போனான்.

அவன் வளைவை எட்டியிருப்பான். கண்ணாடியில் தண்ணீர் அலையடிக்கத் தொடங்கியது. ஓர் அலை எழும்பிக் குழாயின் மேல்பக்கத்தைத் தொட்டு வழியை அடைத்தது. பின்னால் வந்த ஆவி அந்தத் தண்ணீரை அப்படியே அள்ளிக்கொண்டு போய் வளைவில் அறைந்தது. தரை அதிர்ந்தது. மறுபடி ஓர் அறை. எங்கோ இணைப்பு விட்டு, உள்ளே வெள்ளையாக ஆவி சீறியது. அவனைக் காணவில்லை.

"வால்வை மூடும்மா! மூடு!" மேலதிகாரி ஓடிவந்து கத்தினார்.

அவள் கையும் அதற்குத்தான் பரபரத்தது. ஆனால் சட்டென்று மூடினால் பாய்கிற தண்ணீர் முட்டித் திரும்பி அடிக்கும். ஹீட்டரை ஒரேயடியாக அணைத்தால் ஆவி சுருங்கி, அந்த இடத்துக்குத் தண்ணீர் இன்னும் வெறியோடு பாயும். எப்படியும் அடி விழுவது அவன் பக்கத்தில்தான்.

"மாட்டேன் சார். கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"ஆள் உள்ள இருக்கான்மா!"

"அதனாலதான் சார்!"

சூட்டைத் துளித்துளியாகக் குறைத்தாள். மைக்கில் கூப்பிட்டாள். "தரையோட படுத்து ஊர்ந்து வா. எந்திரிக்காத. கேக்குதா?"

பதில் இல்லை. இன்னோர் அறை. குழாய் தாங்கியிலிருந்து துள்ளி விழுந்தது. ஒரு கையின் மணிக்கட்டை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சூட்டுக் குமிழைத் திருப்பினாள். "ஏதாவது சொல்லுடா," என்று கெஞ்சினாள். அடிகள் தளர்ந்தன. ஆனாலும் ஒவ்வோர் அடிக்கும் பிறகு அடுத்தது எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

கதவடியில் ஒரு கை தெரிந்தது. பிறகு தலை. தோள் வெந்து, ஒற்றைச் செருப்போடு ஊர்ந்து வந்தான். அவள் பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டா பதில் சொல்லல?"

அவன் அவள் வாயையே பார்த்தான். "கத்திப் பேசுங்க அண்ணி. ஒண்ணுமே கேக்கல."

வலது காது சில நாளில் சரியானது. இடது காது ஆகவில்லை. "நான்தான் உள்ள விட்டேன்," என்று மேலதிகாரியிடமும் கணவனிடமும் அவளே சொன்னாள்.

இப்போது ஹீட்டர் ஓடினால் கம்பிக் கதவு திறக்காதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவள் ஒவ்வொரு முறையும் போய் அதை இழுத்துப் பார்க்கிறாள். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, சந்தேகம் வந்து மறுபடி எழுந்து போகிறாள்.