மண்டோர் சேதுபதியின் வாய்

1957-ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு அடுத்த வாரத்திலிருந்து மண்டோர் சேதுபதியின் வாய் கடல் வடியும்போது மூடிக்கொள்ளவும், கடல் ஏறும்போது திறந்துகொள்ளவும் தொடங்கியது. சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டும் ஆட்களுக்கு அவர் மண்டோர், அதாவது மேஸ்திரி. கப்பலை டாக்குக்குள் இழுத்துக் கதவடைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டால், அதன் அடியில் அப்பியிருக்கும் சுண்ணாம்புக் கூட்டுச் சிப்பிகள் வெளியே தெரியும். மலாய்க்காரர்கள் அவற்றைத் தெரித்திப் என்பார்கள்; தமிழர்கள் ஒட்டுச்சிப்பி என்றார்கள். போர் முடிந்த நாளிலிருந்து அந்தச் சிப்பித்தூள் பறக்கும் காற்றில் நின்று வாயைத் திறந்து கத்துவதே சேதுபதியின் வேலையாக இருந்ததால், சில சிப்பிகள் அவருடைய பற்களிலும் குடியேறிவிட்டன. தண்ணீர் இறங்கினால் மூடிக்கொள்வதும் ஏறினால் திறப்பதும் அந்தப் பிராணியின் வழக்கம். மேல்வரிசைச் சிப்பிகளும் கீழ்வரிசைச் சிப்பிகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டதில், அவருடைய வாயும் அந்த வழக்கத்துக்கு வந்துவிட்டது.

தளத்தில் இருந்தவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி பாக்கியலட்சுமி கடலைப் பார்த்து உலை வைக்கப் பழகிக்கொண்டாள். அலுவலகக் குமாஸ்தாவான கிராணி, கடல் ஏற்ற இறக்கம் பார்க்கும் தன் அட்டவணையைவிட மண்டோரின் வாய் சரியாக இருப்பதைக் கண்டு, சந்தேகம் வந்த நாட்களில் ஆளனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். கரையோர மலாய்க் கிராமத்து மீனவர்கள் படகைத் தள்ளுவதற்கு முன் அவர் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவா சூ காங் தோட்டங்களிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். சேதுபதிக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவரோடு வேலை செய்த அப்துல் மஜீது மட்டும், "ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டிருங்க மண்டோர்" என்று சொல்லிப் பார்த்தார்.

"வலிச்சாத்தானே டாக்டரு? வலிக்காத பல்லக் காட்டினா புடுங்கிருவான் லா," என்றார் சேதுபதி. அப்போது கடல் ஏறியிருந்தது. தேக்கா கடைத்தெருவின் அஞ்சடி நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிடுங்கிய பற்களைக் கண்ணாடிச் சாடியில் அடுக்கி வைத்திருந்த ஒருவரைத் தவிர, பல் வைத்தியம் என்று அவர் வேறெதையும் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு சிப்பிகள் தடித்தன. வாய் முன்பைவிடச் சீக்கிரம் மூடி, தாமதமாகத் திறந்தது. அவர் பேசினால் கடற்பாசி வாடை வந்தது. பாக்கியலட்சுமி கஞ்சியை வடிகட்டி, பப்பாளி இலைக் காம்பு வழியாக உறிஞ்சக் கொடுத்தாள். இடுப்பு வாரில் ஆணியால் புதுத் துளைகள் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். ஏதாவது ஒரு நாள் கடல் ஏறியும் இந்த வாய் திறக்காமல் போகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. 

அந்த நாள் புரட்டாசியில் வந்தது. ஒரு கப்பலைச் சுரண்டிச் சாயம் பூசி முடித்து, டாக்கில் தண்ணீர் விடவேண்டிய நேரம். தண்ணீர் விடுமுன் மண்டோர் விளிம்பில் நின்று, "எல்லாரும் மேல ஏறுங்க!" என்று மூன்று முறை கத்த வேண்டும். அந்தக் குரல் கேட்டபின் யாரும் கீழே இருக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. கடல் நன்றாக ஏறியிருந்தது. ஆனால் சேதுபதியின் வாய் திறக்கவில்லை. கத்தல் தொண்டையிலிருந்து புறப்பட்டு, பல்வரை வந்து, சிப்பிகளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. அவர் கத்தி முடித்திருப்பார் என்று நினைத்து மடைக்காரர் மடையைத் திறந்துவிட்டார். மறந்துபோன சுரண்டியை எடுக்க மஜீது கப்பலின் அடியில் குனிந்துகொண்டிருந்தார். சேதுபதி கையிலிருந்த இரும்புக் கம்பியால் படிக்கட்டின் பிடியை உடைந்துவிடும்போல அடித்தார். அந்தச் சத்தத்தில் நிமிர்ந்த மஜீது முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து ஏணியைப் பிடித்தார்.

மேலே வந்து மூச்சு வாங்கியதும், "என்ன மண்டோர், என் ஜனாசா ஊர்வலத்துக்கா மணி அடிச்சீங்க?" என்று சிரித்தார் மஜீது. சேதுபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நடந்ததை மஜீதே வந்து பாக்கியலட்சுமியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து புருஷன் எதிரில் நின்றாள். "ஒண்ணு கேக்குறேன், தலைய மட்டும் ஆட்டுங்க. அந்தக் கப்பலுக்கெல்லாம் வலிக்குதுன்னா உங்ககிட்ட வருது? நல்லா ஓடிக்கிட்டிருக்கிற கப்பலைத்தானே ஏத்தி வச்சு சுரண்டுறீங்க?" சேதுபதி தலையை ஆட்டினார். "அப்ப மகாராணி கப்பலுக்கு ஒரு சட்டம், உங்க வாய்க்கு ஒரு சட்டமா?" இதற்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரை ஏற்றித் தேக்காவுக்குக் கூட்டிப் போனாள்.

சிராங்கூன் சாலையில் பரமசிவம் என்பவரின் பூக்கடைக்கு மேல்மாடியில் பல் மருத்துவர் குணவதி இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிங்கப்பூரிலேயே படித்தவர். மாடிப்படியில் பாதிவரை மல்லிகை மணமும், அதற்குமேல் கிராம்புத் தைல மணமும் இருந்தன. குணவதி விளக்கைச் சாய்த்துச் சேதுபதியின் உதடுகளை விலக்கிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப பல்லுக் காட்டினவர்?"

"பொறந்ததிலேருந்து இல்லீங்க டாக்டர். வலியே இல்லன்னாரு," என்றாள் பாக்கியலட்சுமி.

"எல்லாரும் இதைத்தான் சொல்லினம். போன மாசம் எருமைச் சந்துப் பால்காரர் ஒருத்தர் வந்தவர். மேல்வரிசை முழுக்கப் புல்லு. அவருக்கும் நோவு இல்லையாம்."

அது கடல் வடியும் நேரம்; வாய் இறுகிப் பூட்டியிருந்தது. குணவதி அவசரப்படவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பைக் கலந்து, உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கடலே நேரில் வந்துவிட்டது என்று நம்பிச் சிப்பிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிறகு சுரண்டத் தொடங்கினார். அந்தச் சத்தம் சேதுபதிக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அதைக் கேட்டதும் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியிருந்த அவர் விரல்கள் தளர்ந்தன. எஃகுத் தட்டில் சிப்பிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் உள்ளே வெறும் கூடாகிப் போயிருந்தது. அதை எடுக்க வேண்டியிருந்தது. மற்றவை கறையோடு, ஆனால் முழுசாக நின்றன. "நல்ல பல்லு. இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா ஒண்டும் மிஞ்சியிராது," என்றார் குணவதி. பாக்கியலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிச் சிப்பி பெயர்ந்ததும், முந்தின நாள் அதன் பின்னால் சிக்கிய கத்தல் வெளியே வந்தது. "எல்லாரும் மேல ஏறுங்க!" மூன்று முறை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே பரமசிவம் பாதி கட்டிய மாலையோடு படியேறி வந்தார். அவருக்குப் பின்னால் மாலை வாங்க வந்தவர்கள், ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், பக்கத்துக் கடையில் துணி எடுத்துக்கொண்டிருந்த பதுருன்னிசா என்ற அம்மாள், எல்லோரும் வந்து கூடத்தில் நின்றார்கள். எதற்கு வந்தோம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. குணவதி கையைக் கழுவிக்கொண்டு, "வந்ததுதான் வந்தீங்கள், வாயைத் திறவுங்கோ பாப்பம்," என்றார். அன்று மதியத்துக்குள் எட்டுப் பேருடைய ஆரம்பச் சொத்தையைக் கண்டுபிடித்தார். ஒரு பல்லைக்கூடப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கத்தலின் ஒரு பகுதி மாடிப்படியிலேயே தங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது தானாக எழுந்தது. தெருவில் இருந்தவர்கள் கையிலிருப்பதை வைத்துவிட்டு மேலே ஏறி, வரிசையில் உட்கார்ந்து, பல்லைச் சுத்தம் செய்துகொண்டு இறங்கினார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டால், "செம்பவாங்லேருந்து" என்று பரமசிவம் சொல்வார். தீவு தனிநாடானது, வெள்ளைக்காரர்கள் போகப்போவதாக அறிவித்தார்கள், டாக் கைமாறியது. பல தேசத்துக் கொடிகளோடு கப்பல்கள் வந்தன. எந்தக் கோளாறும் இல்லாமல் வந்து, சுரண்டிக்கொண்டு போயின. தண்ணீர் விடுமுன் சேதுபதி மூன்று முறை கத்தினார். கீழே ஒருவரும் இருக்கவில்லை. அவரும் தவணை தவறாமல் மாடி ஏறினார். ஒவ்வொரு தடவையும் கடுகளவில் ஒன்றிரண்டு சிப்பிகள் இருக்கத்தான் செய்தன. குணவதி அவற்றைப் பெயர்த்து உப்புத் தண்ணீர்க் கிளாசில் போட்டுக் கொடுப்பார். சேதுபதி அதை மூடிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, செம்பவாங் கரையில் விட்டுவிடுவார்.

1969-இல் ஒரு சனிக்கிழமை அப்படித் திரும்பும்போது கடல் அடியோடு வடிந்திருந்தது. கிளாசுக்குள் சிப்பி இறுக மூடிக்கொண்டிருந்தது. சேதுபதி தேக்காவில் ஆரம்பித்த பேச்சை நிறுத்தவில்லை. வழியில் நீ சூன் என்ற ஊர் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்த பாக்கியலட்சுமி, "கொஞ்சம் வாய மூடிக்கிட்டுத்தான் வாங்களேன்," என்றாள். அவர் மூடவில்லை.