சோதனை மாணவி

“மேடம், நம்ம சோதனை மாணவிக்கு மார்க் வந்திருக்கு” என்றான் என் பிரிவில் வேலை பார்க்கும் தாடிக்காரன். காலையிலேயே விளையாடுகிறான் என்று எரிச்சல் வந்தது. மருத்துவக் கல்லூரியின் தரவுகளில் பிழை பார்ப்பது எங்கள் வேலை. நான் அதற்குத் தலைவி, அதாவது யாருக்கும் ஆகாதவள். இரண்டு தடவை பதிவான மாணவன், ஆண் என்று குறிக்கப்பட்ட பிரசவ நோயாளி, இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு பேராசிரியர்களின் உயிரை எடுப்பேன்.

சோதனை மாணவி என்று ஒருத்தி கிடையாது. புது மென்பொருள் வந்தபோது அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, முதலாண்டு வகுப்பில் நாங்கள் சேர்த்துவிட்ட பொய்ப் பதிவு. பிறந்த தேதி கேட்டது. என் மகளுடையதைப் போட்டேன். பெயர் வைப்பதற்குள் போய்விட்ட குழந்தை. அந்தத் தேதியை வேறு எங்கே எழுதப்போகிறேன்? சோதனை முடிந்தும் பதிவை நீக்க மனம் வரவில்லை. வகுப்போடு சேர்ந்து அவளும் ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறி, இப்போது கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டாள்.

மார்க் போட்டவர் குழந்தைகள் பிரிவுப் பேராசிரியர். கண்ணை மூடிக்கொண்டு மொத்த வகுப்புக்கும் போட்டுத் தள்ளியிருப்பார். போனில் பிடித்தேன்.

“சார், இல்லாத பொண்ணுக்கு மார்க் போட்டிருக்கீங்க.”

“யாரைச் சொல்றீங்க?”

பதிவு எண்ணைச் சொன்னேன்.

“அட, அந்த இடதுகைக்காரியா? இப்பக்கூட வார்டு ரவுண்ட்ஸ்ல பக்கத்துல நின்னாளே. அதிகம் பேச மாட்டா, ஆனா கெட்டிக்காரிம்மா. ஏன், ஏதாவது பிரச்சனையா?”

“இல்ல சார்” என்று வைத்துவிட்டேன். வேறு யாரையோ நினைத்துக்கொண்டு உளறுகிறார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். போனை வைத்த கையைப் பார்த்தேன். நானும் இடதுகைக்காரிதான்.

மதியத்துக்குள் இறுதியாண்டுப் பட்டியல் மருத்துவ கவுன்சிலுக்குப் போயாக வேண்டும். அதில் பொய்யாக ஒரு ஆள் இருந்தால் கல்லூரியின் மானம் போகும், கூடவே என் வேலையும்.

“நான் டெலீட் பண்ணிடவா மேடம்?”

“வேண்டாம். நானே பண்றேன்.”

குழந்தை போன அன்றைக்கு அவளை மற்றவர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைப் பார்க்கக்கூட விடவில்லை. இந்தத் தடவையாவது என் கையால் நடக்கட்டும் என்று தோன்றியது. நீக்கும் பொத்தானை அழுத்தினேன்.

திரை மறுத்தது. இந்தப் பயனர் தற்போது உள்ளே இருக்கிறார், பதிவை நீக்க இயலாது. இடம்: குழந்தைகள் வார்டு.

அந்தக் கணக்குக்கு நாங்கள் பாஸ்வேர்டே கொடுத்ததில்லை. தாடிக்காரன் என் பின்னால் வந்து நின்றான்.

“யாரோ உள்ள இருக்காங்க மேடம். வெளிய தள்ளிடலாம், ஒரு பட்டன்தான். தள்ளிடவா?”

கவுன்சிலிலிருந்து போன் அடிக்கத் தொடங்கியது. அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“இரு. வேலையா இருக்கா. முடிச்சுட்டு வரட்டும்.”

அவள் பதிவுக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி, மினுக்கி மினுக்கி எரிந்துகொண்டிருந்தது.