வெள்ளைப் பட்டைக்கு மரம்

“தேக்கு வேண்டாங்க. தேக்கு மேல வெள்ளை நிக்காது, உள்ளேயிருந்து பழுப்பு ஏறிடும்,” என்று பட்டறைக்காரர் நிசார் அகமது சொல்லிக்கொண்டிருந்தார்.

“எந்தக் கட்டையா இருந்தா எனக்கென்ன பாய். ஆறடி அகலம், நாலடி உயரம். கொடி காத்துல அலையற மாதிரி நெளிவு இருக்கணும்.” அர்ச்சுனன் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு பட்டறையின் மூலையைத் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினார். “இன்னொண்ணு. அந்தப் பொம்பளை கை இதுல படக்கூடாது.”

அந்தப் பொம்பளை அவருடைய மருமகள். மூலையில் நெளிவு அறுக்கும் ஸ்க்ரோல் மெஷின் முன்னால் முகமூடி போட்டு உட்கார்ந்திருந்த கோகிலவாணி பிளேடை நிறுத்தவில்லை. அவள் புருஷன் மதியழகன் பட்டாளத்தில் செத்து மூன்று வருஷம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, வந்து ஒரு வருஷத்தில் பிள்ளையை முழுங்கியவள் என்று கடத்தூர்ப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து அவளை வெளியே அனுப்பினார்கள். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்து இந்தப் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தாள், இப்போது பூவேலை முழுக்க அவள் கையில்தான்.

அர்ச்சுனன் போனதும் நிசார் அவள் பக்கத்தில் வந்து நின்றார். இழைப்பு மெஷினில் சிக்கிய நாளிலிருந்து அவருடைய வலது கையில் இரண்டு விரல் மடங்காது.

“மகனுக்கு ரோட்டோரம் மண்டபம் கட்டறாராம். அதுல மாட்டத்தான் கொடி. சக்கரத்துல இருபத்து நாலு ஆரம். என் கையால ஆகாதும்மா.”

“கை படக்கூடாதுன்னாரே.”

“அவரு பார்க்கவா போறாரு?”

கோகிலவாணி முகமூடியை இறக்கினாள். “அறுத்துத் தரேன். டெலிவரி அன்னிக்கு எனக்காக ஒண்ணு கேட்டு வாங்கித் தரணும். எம் புருஷன் பொட்டி மேல போர்த்தின துணிக்கொடி. சுடுகாட்டுல ஆபீசர் மடிச்சு என் கையிலதான் குடுத்தாரு. திரும்பி வர்ற ஜீப்புலயே மாமா பிடுங்கிட்டாரு, வூட்டுல பத்திரமா இருக்கும்னு.”

“கேக்கறேன். மரத்துல கொடி வந்துட்டா துணி எதுக்கு அவங்களுக்கு? குடுப்பாங்க.”

அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் மரம் தேடினாள். காவிக்கும் பச்சைக்கும் மலைவேம்பு. ஸ்டெயின் சாயத்தைச் சீராகக் குடிக்கும், ரேகையும் தெரியும். வெள்ளைக்குப் பெயிண்டே வேண்டாம், மரமே வெள்ளையாக இருக்கட்டும் என்று வெப்பாலையை எடுத்தாள். பட்டறையில் வெப்பாலை இரண்டு அடுக்கு கிடந்தது. ஒன்று ஒரு வருஷம் நிழலில் காய்ந்தது, தட்டினால் கணீரென்று கேட்கும். இன்னொன்று போன வாரம் இறங்கிய, ஈரம் காயாத பச்சை மரம். ஈரத்தோடு மேலே பூசி அடைத்துவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடித்து மரம் கறுத்துப்போகும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. தட்டிப் பார்த்துக் காய்ந்ததையே எடுத்தாள்.

நெளிவை வரைந்து மூன்று பட்டையாக அறுத்தாள். நடுவில் துளை போட்டு, நூல் போன்ற பிளேடை அதில் கோத்து ஒவ்வொரு ஆரமாக எடுத்தாள். ஒரு ஆரம்கூட உடையவில்லை. ஓரங்களுக்கு மெல்லிசாக ஒரு கை லாக்கர் பூச்சு மட்டும். கனமாகப் பூசினால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

ஸ்டெயினைப் பூசினால் உடனே துடைக்க வேண்டும், அதற்குப் பழைய பருத்தித்துணிதான் ஆகும். ஆர்டர் கொடுப்பவர்களிடமே கேட்டு வாங்குவது பட்டறை வழக்கம். அர்ச்சுனன் ஒரு உரச்சாக்கு நிறைய அனுப்பியிருந்தார். காவியைக் கிழிந்த வேட்டியால் துடைத்தாள். பச்சைக்குச் சாக்குக்குள் கைவிட்டபோது வெளுத்துச் சாம்பலாகிப்போன ஒரு கந்தல் வந்தது. நன்றாக உறிஞ்சியது. அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அது முழுக்கப் பச்சை ஊறியதும் அடுத்ததை இழுத்தாள்.

தடித்த கித்தான் பட்டை ஒன்று வந்தது. கொடியைக் கம்பத்தில் கட்டுகிற ஓரம் போல உள்ளே கயிறு ஓடியது. பட்டையின் ஓரத்தில் மிளகளவு பழுப்புக் கறை. மடித்த கொடியை அன்று கையில் வாங்கியபோது அவள் வளையல் உடைந்து மணிக்கட்டு கிழிந்தது, அந்த ரத்தம். பச்சை ஊறிய கந்தலை எடுத்துப் பட்டையோடு வைத்துப் பார்த்தாள். கிழிசல் பல்லுக்குப் பல் பொருந்தியது.

“பாய், மாமாவுக்குப் போன் போடுங்க. துணிக்கொடி எங்கேன்னு கேளுங்க.”

நிசார் ஸ்பீக்கரில் போட்டார்.

“அதுவா? மொட்டைமாடியில கட்டியிருந்தோம் பாய், பஸ்ஸுல போறவனுக்கெல்லாம் தெரியட்டும்னு. வெயிலுக்கும் காத்துக்கும் நார் நாராப் போச்சு. அதுக்குத்தானே மரத்துல கேட்டது? மரம் கிழியாது பாருங்க.” அர்ச்சுனன் சிரித்தார். “சாக்குலதான் கிடக்கும். துடைச்சிட்டு வீசிடுங்க.”

நிசார் போனை அணைத்தார். “மனசுல வச்சுக்காதம்மா. வேலையைப் பாரு, நாலு நாள்ல டெலிவரி.”

அவள் வேலையைப் பார்த்தாள். அறுத்து வைத்திருந்த வெள்ளைப் பட்டையைச் சக்கரத்தோடு தூக்கி விறகில் போட்டாள். பச்சை அடுக்கிலிருந்து வெப்பாலைப் பலகையை எடுத்து, அதே நெளிவை வரைந்து, இருபத்து நாலு ஆரத்தையும் மறுபடி அறுத்தாள். ஈரம் வெளியேற வழியில்லாதபடி முன்னும் பின்னும் மூன்று கை லாக்கர் அடித்தாள். காவிக்கும் பச்சைக்கும் நடுவில் அது பால் போலப் பளபளத்தது. நிசார் தடவிப் பார்த்து, “கைன்னா இதுதாம்மா கை,” என்றார்.

டெலிவரி ஆன நாற்பதாம் நாள் கொடி டெம்போவில் திரும்பி வந்தது. அர்ச்சுனனும் அவர் மனைவி காவேரியும் இறங்கினார்கள். கூடவே ஊர்க்காரர் ஏழெட்டுப் பேர். வெள்ளைப் பட்டையில் தீய்ந்தது போல நீலக்கறுப்புத் திட்டுகள். சக்கரம் இருந்த இடமே தெரியவில்லை.

“யாரு கை பட்டுச்சுய்யா இதுல?” என்று அர்ச்சுனன் கத்தினார்.

கோகிலவாணி எழுந்து வந்தாள். “நான்தானுங்க. மரம் எடுத்ததும் நான்தான், அறுத்ததும் நான்தான்.”

காவேரி வாயில் அடித்துக்கொண்டாள். “பார்த்தீங்களா! புருசனைத் தின்னா, இப்போ அவன் கொடியைத் தின்னுட்டா. தொட்டது கருகுது பாருங்க!”

“தொட்டதால இல்ல. பச்சை மரத்தை வேணும்னே வச்சேன். கறுக்கும்னு தெரிஞ்சுதான் வச்சேன். அவர் கொடியை நீங்க கந்தலாக்குனீங்க, அதுக்குத்தான்!”

அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரும் திட்டையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். டெம்போக்காரன் இரண்டடி பின்னால் போனான்.

“பாய், நீங்களாவது சொல்லுங்க. பச்சை மரம் கறுக்குமா, கறுக்காதா?”

நிசார் கூட்டத்தைப் பார்த்தார். வெளியே தொங்கிய கடைப் பலகையைப் பார்த்தார்.

“எங்க பட்டறையில பச்சை மரமே போடறதில்லீங்க,” என்றார். “தப்பு என்னுதுதான். அந்தக் கை படக்கூடாதுன்னு நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும். பதினஞ்சு நாள்ல புதுசா செஞ்சு தரேன்.”

அர்ச்சுனனுக்கு அது போதுமாயிருந்தது. “அவளை உள்ள வுடாதீங்க பாய்,” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். காவேரி போகும்போது பட்டறை வாசலில் மண்ணை அள்ளித் தூற்றினாள்.

டெம்போ நெடுஞ்சாலையில் ஏறி மறைந்தது. நிசார் குரலைத் தாழ்த்தினார். “கோவிச்சுக்காதம்மா, வேற வழியில்ல. திங்கக்கிழமையில இருந்து பின்பக்கமா வந்துடு. சக்கரத்தை உன்னை விட்டா யாரு அறுக்கறது?”

கோகிலவாணி சாப்பாட்டுத் தூக்குப்போசியைப் பையில் வைத்தாள். அதற்கு அடியில் கித்தான் பட்டை சுருண்டு கிடந்தது. வெப்பாலை அடுக்குகளின் பக்கம் போய் இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

“வரேங்க பாய். வெள்ளைக்கு எதுல எடுக்கட்டும்?”

நிசார் அடுக்குகளைப் பார்த்தார். மடங்காத விரல்களால் முதல் அடுக்கைத் தட்டினார். பிறகு இரண்டாவதைத் தட்டினார். இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டது, எது காய்ந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவர் முகம் வெளுப்பதை அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.