எதிர்க்கட்சி நாற்காலி

டெல்மர் ஷ்ரேடர் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், அவனுடைய காபிக் கோப்பையை வாங்கி வரத்தான் அவன் பெண்டாட்டி லவோன், ட்ரிஷ் நடத்தும் காபிக் கடைக்குப் போனாள். கடையின் பின்சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டியிருக்கும் கோப்பைகளில் அது நாலாவது. விதைக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தது, காது உடைந்து ஒட்டுப்போட்டது. எழுபத்திரண்டு வயதில் ஒருத்தி ஒட்டுப்போட்ட கோப்பைக்காக ஆறு மைல் வண்டி ஓட்டிப் போவாளா என்றால், போவாள். வீட்டில் வேறு என்ன வேலை கொட்டிக் கிடந்தது?

ஜன்னலோரத்துப் பெரிய மேஜையில் வழக்கமான நாலு பேரும் இருந்தார்கள். நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, காலை ஆறரைக்கே வந்து உட்கார்ந்து, இன்றைக்குக் காபி யார் தலையில் என்று பகடை உருட்டுகிற கூட்டம். டெல்மரின் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. அதில் உட்காரவும் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை, தூக்கி ஓரமாகப் போடவும் மனசு வரவில்லை. தானியக் கிடங்கில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்த ஹார்லன் எழுந்து, "உக்காருங்கம்மா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அந்த மேஜையில் பெண்கள் உட்கார்ந்ததே இல்லை. கூடாதென்று யாரும் சொன்னதில்லை, உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் உட்கார்ந்தாள்.

அதிபரின் பதவிக்காலத்தில் பாதி ஓடியிருந்த வருஷம் அது. நவம்பரில் செனட்டுக்கும் கவர்னருக்கும் தேர்தல். ஆனால் டெல்மர் இருந்தவரை மார்ச் மாதமே மேஜையில் தேர்தல் தொடங்கிவிடும். நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையில் ஜனநாயகக் கட்சிக்காரன் என்று வெளியில் சொல்லிக்கொண்ட ஒரே ஆள் அவன். மற்ற நாலு பேரும் குடியரசுக் கட்சி. நாலு பேரும் சேர்ந்து அவனைக் கிழிப்பார்கள், அவன் ஒருத்தனாக நாலு பேரையும் கிழிப்பான். அவன் போனபிறகு மேஜை ஊமையாகிக் கிடந்தது.

லவோன் பாதிக் காபி குடித்திருப்பாள். பன்றி வளர்த்துக் காசு பார்த்த ராய்ஸ், யாரையும் பார்க்காமல், நகரத்துக்காரர்கள் இலவசம் இலவசம் என்று கேட்டே நாட்டை மொட்டையடித்துவிட்டார்கள் என்று முனகினார். அவள் யோசிக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்தது.

"சோயா விக்காம குவிஞ்சு கெடந்த வருஷம் அரசாங்கத்துலேர்ந்து உனக்கு ஒரு செக் வந்துச்சே, ராய்ஸ். அது என்ன, பொறந்தநாள் பரிசா?"

அது டெல்மரின் வசனம். இரவுச் சாப்பாட்டு மேஜையில் அவன் இருபது தடவையாவது அவளிடம் சொல்லியிருப்பான். ராய்ஸ் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். முகம் சிவந்துவிட்டது, கண் மட்டும் சிரித்தது. "யோவ் ஷ்ரேடர், அது வேற, இது வேறய்யா" என்று ஆரம்பித்தார். அவளைத்தான் ஷ்ரேடர் என்றார். எட்டரை மணிவரை யாரும் எழுந்திருக்கவில்லை. கோப்பையை எடுத்துப் போக வந்தவள் அதை ஆணியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாளும் வந்தாள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. லவோன் வாழ்நாளில் ஒரு தடவைகூட டெல்மரின் கட்சிக்கு ஓட்டுப்போட்டதில்லை. அவள் பிறந்த வீடு குடியரசுக் கட்சி, அவளும் அப்படியே. நாற்பத்திநாலு வருஷக் கல்யாணத்தில் அவர்கள் சண்டை போட்டதெல்லாம் இதற்காகத்தான். பணத்துக்காகப் போட்டதில்லை, பிள்ளை இல்லாததற்காகப் போட்டதில்லை. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும், வானொலியில் செய்தி ஓடும், டெல்மர் ஒன்று சொல்வான், இவள் கரண்டியும் கையுமாகத் திரும்பி ஒன்று சொல்வாள், உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கும். அதுதான் அவர்கள் குடித்தனம்.

தேர்தலன்று இருவரும் ஒரே வண்டியில்தான் ஊர்க்கூடத்துக்குப் போவார்கள். அவள் சீக்கிரம் போட்டுவிட்டு வந்து வண்டியில் காத்திருப்பாள். அவன் ஒவ்வொரு பெயரையும் படித்து, வருகிற போகிறவனிடமெல்லாம் வம்பளந்து, அரைமணி கழித்து வந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, "உன் ஓட்டை அழிச்சிட்டேன், லவோன்" என்பான். "உன்னுதை நான் அழிச்சு அரைமணி ஆச்சு, வண்டிய எடு" என்பாள் இவள். இரண்டு ஓட்டும் ஒன்றையொன்று தின்றுவிட, அவர்கள் போய் வயிறு நிறையச் சாப்பிடுவார்கள்.

மேஜையில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. டெல்மர் பெண்டாட்டியின் ஓட்டைப்பற்றிக் கடையில் வாயே திறந்ததில்லை போலிருக்கிறது. அவர்களும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் எந்தப் பக்கமோ பெண்டாட்டியும் அந்தப் பக்கம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவளும் திருத்தவில்லை. திருத்தினால் நாற்காலி போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் அவள் குரலைக் கேட்க ஒரு நாதி இல்லை. வானொலியில் அவள் கட்சிக்காரன் பேசினால் தலையாட்டுவாள், தலையாட்டிவிட்டு என்ன செய்வது? ஆமாம் என்று சொல்லக்கூட எதிரில் ஆள் வேண்டாமா?

ஆகவே அவள் டெல்மராக வேலை பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பார்த்தாள். அவன் செய்தித்தாளிலிருந்து வெட்டிவைத்த துண்டுகள் ஒரு பூட்ஸ் பெட்டி நிறைய இருந்தன. எரித்துவிடு எரித்துவிடு என்று அவள் வருஷக்கணக்கில் கத்தியது அந்தப் பெட்டிக்குத்தான். இப்போது சாயங்காலமானால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள். மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிய கதை, தபால் நிலையம் வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கிய கதை. சிலவற்றுக்கு அவளிடம் எப்போதும் பதில் இருந்ததில்லை, கத்தித்தான் சமாளித்திருக்கிறாள். அதை டெல்மரிடம் ஒப்புக்கொண்டிருக்கலாம். காலையில் அவளுடைய பழைய வாதங்களை ராய்ஸ் எடுத்துவிடும்போது இன்னொரு எரிச்சல். இந்த ஆள் எவ்வளவு மட்டமாகப் பேசுகிறான், நான் இதையே எவ்வளவு நறுக்கென்று சொல்வேன் என்று வாய் ஊறும். அடக்கிக்கொண்டு டெல்மர் பக்கத்தைப் பேசுவாள்.

சோளம் அறுக்கத் தொடங்கிய செப்டம்பர் கடைசியில் ஹார்லன் ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். வாக்குச்சாவடி மேஜையில் ஒரே கட்சிக்காரர்களாக உட்காரக்கூடாது, மற்ற கட்சி ஆள் ஒருத்தராவது வேண்டும். இருபது வருஷமாக ஹார்லன் ஒரு பக்கம், மறுபக்கத்துக்கு வெளியூர் ஆள்; டெல்மர் நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்காருகிறவன் இல்லை. இப்போது அந்த இடத்துக்கு அவளை விட்டால் ஊரில் வேறு யார்?

"நாள் பூரா என் பக்கத்துல உக்காந்து என் உயிர வாங்கலாம், ஷ்ரேடர். வேணாம்பியா?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை, ஊரே ஒவ்வொருத்தராக வந்து அவளிடம் பேர் சொல்லிச் சீட்டு வாங்கிப் போகும். அப்படி ஒரு நாள் அவளுக்குக் கிடைத்து எத்தனை மாதமாயிற்று. தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பேர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் எழுதினாள். "பதிவு செய்துள்ள கட்சி" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொய் எழுத முடியாது, வாக்காளராகப் பேர் பதியும்போதே கட்சியையும் சொல்லவேண்டிய ஊர், அவளுடைய பதிவு அரசாங்கத்திடம் இருக்கிறது. ஆனால் பதிவை மாற்றிக்கொள்ளலாம், இன்னொரு படிவம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நாற்பத்திநாலு வருஷமாக அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் டெல்மர் அவளிடம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினான். அவள் அதைப் போட்டிருந்தால் அடுப்படியில் ஆடியே இருப்பான், தெருவில் போகிறவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பான். இப்போது அவள் போட்டால் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவன் ஜெயித்ததை அவன் பார்க்காமல், ஹார்லனிடம் கொண்டுபோய்க் கொடுப்பதா? அவளுக்கு அழுகை வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அடக்கச் சடங்கன்றுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் காலை தாளை அப்படியே ஹார்லன் முன்னால் வைத்தாள்.

"என்னால முடியாது, ஹார்லன். நான் டெல்மர் கட்சி இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. நான் உங்க பக்கம்தான்."

ராய்ஸ் கையில் பகடைக் குவளை அப்படியே நின்றது. பிறகு பாருங்கள், கோபம் வரும் என்றுதான் அவள் பயந்திருந்தாள், வந்தது சிரிப்பு. நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெல்மர் வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியா, பாவம் அந்த ஆள் எங்கே போனாலும் அடிதானா என்று ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹார்லன் அவளுக்கு ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக் கொடுத்து, "இத்தனை நாளா நம்ம ஆளா இருந்திருக்கீங்களேம்மா" என்றார். அம்மா என்று வந்துவிட்டது, நீங்க என்று வந்துவிட்டது. ஷ்ரேடர் போய்விட்டார்.

அன்றைக்கு அவள் முதல்தடவையாக அந்த மேஜையில் தன் பேச்சைப் பேசினாள். வரியைப்பற்றி, அரசாங்கம் கைவைத்த எதுவும் உருப்படாததைப்பற்றி, எட்டு மாதம் அடக்கிவைத்ததையெல்லாம் நறுக்கென்று சொன்னாள். சொல்லி முடித்துச் சுற்றிப் பார்த்தாள். நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ராய்ஸ், சரியாச் சொன்னீங்க என்றார். அப்புறம் யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அறுத்த சோளத்தில் ஈரம் எவ்வளவு என்ற பேச்சு வந்தது, ஹார்லனின் முழங்கால் வலி வந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம், எட்டரைவரை மேஜையை விட்டு எழாதவர்கள் ஏழரைக்கே எழுந்து போனார்கள். ஒருமுறை அவள் பொறுக்கமாட்டாமல் டெல்மரின் தபால் நிலைய வாதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள். ராய்ஸ் மரியாதையாகச் சிரித்து, "நீங்களே நம்பாததை ஏம்மா சொல்றீங்க" என்றார். தப்பில்லை, அவர் சொன்னது உண்மைதான். அவள் வாயிலிருந்து டெல்மர் அன்றோடு போனான். நாற்காலியை யாரும் பிடுங்கவில்லை, அதில் உட்கார்ந்திருக்கக் காரணம்தான் இல்லாமல் போயிற்று. இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று போனாள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு போகவில்லை.

தேர்தலன்று காலை கடைக்குப் போய், பின்சுவரிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டாள். ட்ரிஷ் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். மேஜையில் ராய்ஸும் இன்னொருவரும் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையசைத்தார்கள், இவளும் அசைத்தாள்.

ஊர்க்கூடத்தில் ஹார்லன் பக்கத்தில், மாவட்டத் தலைநகரிலிருந்து அனுப்பிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாரையும் தெரியாது, ஒவ்வொருவரிடமும் பேரை இரண்டு தரம் கேட்டாள். ஹார்லன் வாக்குச்சீட்டை லவோனிடம் நீட்டியபோது குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு வாங்களேம்மா, கடைக்கு."

"வந்து?"

பின்னால் வரிசை நின்றது. அந்தப் பெண் அடுத்த ஆளின் பேரைக் கேட்டாள்.

தட்டி மறைப்புக்குள் நின்று லவோன் வெகுநேரம் சீட்டைப் பார்த்தாள். டெல்மருக்காக அவன் ஆளுக்கே போட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. இரக்கப்பட்டுப் போட்ட ஓட்டு என்று தெரிந்தால் அவன் ஒரு மாதம் அவளோடு பேசமாட்டான். அவளுடைய ஆளுக்குத்தான் போட்டாள், எப்போதும்போல. நாற்பத்திநாலு வருஷத்தில் அழியாமல் எண்ணப்படப்போகிற அவளுடைய முதல் ஓட்டு அது. எதிராளி வராமல் ஜெயித்த ஆட்டம். அதில் அவளுக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

வெளியே காற்று சில்லென்று அடித்தது. வண்டிக் கதவைத் திறந்து ஏறி, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடத்தின் கதவு திறந்து திறந்து மூடியது. தெரிந்த முகங்கள் வந்தன, போயின. கால்மணி ஆனது, அதற்கு மேலும் ஆனது. வாசலில் யாரைப் பிடித்துவைத்து வம்பளக்கிறானோ என்று அவளுக்கு வழக்கமான எரிச்சல்கூட வந்தது.

ஒருவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தான். நிறுத்த இடம் இல்லை, அவன் வண்டி ரோட்டில் நின்றது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. வண்டி ஓட்டுறவரு வர நேரமாகுமா?"

லவோன் பக்கத்தில் பார்த்தாள். ஸ்டீரிங் அந்தப் பக்கம் இருந்தது. சாவி அவள் கையில் இருந்தது.

"இல்லப்பா" என்றாள். "நான்தான் ஓட்டணும்."

கதவைத் திறந்து இறங்கினாள். கோப்பையைத் தன் இருக்கையில் வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள்.