வீரன் யார் வீட்டுச் சொல்?

மங்கோலியாவின் செங்கெல் ஊர் வரும் வழியெல்லாம் குதிரைமேல் ஒரே சண்டை. வீரனைக் கசாக்குகளான நாங்கள் ‘பாத்திர்’ என்போம். மங்கோலியனான கோம்போ ‘பாதார்’ என்பான். யாரிடமிருந்து யார் எடுத்தது?

“நீங்க எங்ககிட்டேர்ந்து சுட்டதுடா,” என்றான்.

“போடா! குதிரை ஏறவே நாங்கதான் கத்துக்குடுத்தோம்!”

பஞ்சாயத்துக்குச் செச்செக் அக்காவிடம் போனோம். அவள் துவா இனத்துக்காரி. இரண்டு பக்கமும் சேராதவள். கூடார வாசலில் கன்றுக்குட்டி அளவில் நாய். வழக்கப்படி குதிரையிலிருந்தே, “நாயைப் பிடிங்க!” என்று குரல் கொடுத்தோம்.

அக்கா வெளியே வந்து வழக்கைக் கேட்டாள். “இவ்ளோதானா? யாரு முதல்ல இறங்குறீங்களோ, வார்த்தை அவங்களோடது.” நாயைப் பிடிக்காமலே உள்ளே போய்விட்டாள்.

நாய் பல்லைக் காட்டியது.

“அண்ணே, வயசுல மூத்தவரு, நீங்க இறங்குங்க,” என்றான் கோம்போ. பிறந்ததிலிருந்து எனக்குக் காட்டாத மரியாதை!

“நாடே உங்களுதுடா, நீ முதல்ல.”

உள்ளே தேநீர் கொதித்தது. அவள் குடித்தும் முடித்தாள். பிறகு வந்து, நாயைக் காதைப் பிடித்து இழுத்துப்போய்க் கட்டினாள்.

“வீரனை நாங்க ‘மாதிர்’னு சொல்லுவோம். இனிமே யாராவது கேட்டா, அது எங்க வார்த்தைன்னு சொல்லுங்க.”