குருத்தோலைப் பெட்டிக்குள் ஒரு சம்மனசு

பேர்ணடெற்றுக்கு இரண்டு வருடமாக ஒரு சூனியக்காரியோடுதான் குடித்தனம். நூறு ஆண்டுக்கு முன் ரொறன்ரோவில் யாரோ ஒரு பெண் கடதாசி வெட்டிச் செய்த பேசாத கார்ட்டூன் படம். தொலைந்ததென்று எல்லோரும் கைகழுவிய பிறகு, பார்க்டேல் கத்தோலிக்கக் கோயிலின் நிலவறையில் மூன்று தகரப் பெட்டிகளில் கிடைத்தது. காப்பகத்தில் வேலை செய்யும் பேர்ணடெற் அதை அங்குலம் அங்குலமாகத் துடைத்தெடுத்தாள். செட்டை முளைத்த சூனியக்காரி ஒரு சிறுமியைக் கோபுரத்தில் அடைக்கிறாள். அதோடு சரி. நான்காம் பெட்டியைக் காணவில்லை.

சனிக்கிழமை திரையிடல். முடிவு கிடைக்கவில்லை என்று எழுதிக் காட்டும்படி மேலதிகாரி சொல்லிவிட்டார். செவ்வாய் பின்னேரம் மார்க்கம் நகரத்து வீட்டுக்கு வந்து கணவர் அமிர்தநாதரிடம் அதைச் சொல்லி அழுதாள்.

அமிர்தநாதர் அந்தக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மனுசன். நிலவறையைத் துப்புரவாக்கியவரும் அவர்தான்.

"பெட்டி இல்லாத சுருள் ஒண்டு கிடந்ததப்பா. வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தன். செட்டையோடை சம்மனசு. தேவதூதரைக் குப்பையிலை போடேலுமே? பழைய குருத்தோலைப் பெட்டிக்குள்ளை வைச்சன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் பெட்டியைத்தானே கேட்டனீர்!"

பேர்ணடெற் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். ஃபாதர் செபித்து மந்திரித்த ஓலையையும் உடைந்த செபமாலையையும் குப்பையில் போடாமல் கோயிலில் சேர்த்துவைத்து, விபூதிப் புதனுக்கு முதல்நாள்தான் நெற்றிச் சாம்பலுக்காக எரிப்பார்கள். நாளை விபூதிப் புதன். அந்தக் காலத்துச் சுருளோ வெடிமருந்துக்குத் தம்பி.

"ஃபாதருக்கு ஃபோன் அடியுங்கோ! கோயிலும் போகப்போகுது!"

ஃபாதர் கையில் நெருப்புப்பெட்டியோடு நின்றாராம்.

அன்றே சுருளை மீட்டு, நான்கு நாளில் பிரதியெடுத்தார்கள். முடிவைப் பார்த்தவள் வீட்டில் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை கோட்டும் சூட்டுமாக வந்த அமிர்தநாதர், செட்டைக்காரி சிறுமியை அடைத்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஐயோ, சூனியக்காரியையே நான் மந்திரிச்ச சாமானோடை வைச்சிருந்தனான்?"

"சும்மா இருந்து பாருங்கோ."

நான்காம் சுருள் ஓடியது. கோபுரத்தில் சிறுமி தேம்பித் தேம்பி அழுகிறாள். சூனியக்காரி நெடுநேரம் நிற்கிறாள். பிறகு தன் செட்டைகளைக் கழற்றி அவளுக்குப் பூட்டிவிடுகிறாள். சிறுமி பறந்துபோக, கிழவி படிப்படியாக நடந்து இறங்குகிறாள்.

அமிர்தநாதர் மூக்கை உறிஞ்சினார்.

"நான் அப்பவே சொன்னன், சம்மனசெண்டு."

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் சொன்ன எதற்கும் மறுபேச்சு வைத்திருப்பவள் பேர்ணடெற். இன்றைக்கு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓமப்பா," என்றாள். "நீங்கள்தான் முதல் கண்டனீங்கள்."